லைசன்ஸ் எடுத்து மூணு மாதமான மகன் கார் ஓடப்போறான்: இன்சூரன்ஸ் கம்பனிக்குச் சொல்லணுமா?

ஆரையம்பதி அம்மா
மூத்தவனுக்கு 18 முடிஞ்சு, கார் லைசன்ஸ் கையில கிடைச்சு மூணு மாதம். வீட்டில நிக்கிறது இவரட ஆல்டோ. ஃபுல் இன்சூரன்ஸ் (எங்கட காருக்கு வாற சேதத்துக்கும் காசு தாற வகை), இவர் பேரில. ஒன்பது வருடமா ஒரு கிளைமும் எடுக்கல்ல, நோ கிளைம் போனஸ் (கிளைம் எடுக்காததுக்குக் கட்டுற காசில தாற கழிவு) நல்லா ஏறி நிக்குது. இவர் மகாஓயாப் பக்கம் வேலைக்குப் போனா கிழமை முடியத்தான் வருவார். அம்மாவுக்குக் கிழமையில ரெண்டு நாள் டயலிசிஸ். இனி மகன்தான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஏத்திப் போகணும்.

என்ட தம்பி சொல்றான், "கம்பனிக்கு ஒண்டும் சொல்லாதீங்க அக்கா, சொன்னா காசு கூட்டுவாங்க" எண்டு. இவர் சொல்றார், பழைய கார்தானே, அடுத்த தரம் ரெவனியூ லைசன்ஸ் புதுப்பிக்கக்குள்ள தேர்ட் பார்ட்டிக்கே (மற்ற ஆளுக்கு வாற சேதத்துக்கு மட்டும் காசு தாற வகை) மாத்துவம் எண்டு. எனக்கு ரெண்டுமே மனசுக்குச் சரியாப் படல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வந்தாறுமூலை
உங்கட தம்பி சொன்னதுதான் சரி அக்கா. எங்கட நாட்டில இன்சூரன்ஸ் காருக்குத்தான், ஆளுக்கில்ல. சொந்தக்காரர் சம்மதிச்சு, அந்த வகுப்புக்குரிய லைசன்ஸ் இருக்கிற யார் ஓடினாலும் பொலிசி பொதுவா ஏற்கும். மகனிட்ட பி வகுப்பு இருக்குத்தானே? அவ்வளவுதான் விசயம்.

எனக்கு 22 வயது. பதினேழில லேனர்ஸ் (ஓடிப் பழகுற அனுமதி), பதினெட்டில லைசன்ஸ். கார் ஓடத் தொடங்கி நாலு வருடம், ஒரு கீறல் இல்ல. வயதைப் பார்த்துக் காசு கூட்டுறதை நாங்களே போய்க் கேட்டு வாங்கணுமா?

சாய்ந்தமருது
அக்கா, நான் பதினாலு வருடமா விபத்து வாகனம் பார்த்து மதிப்பீடு எழுதுற ஆள். கம்பனிப் பேர் வேண்டாம்.

வந்தாறுமூலைத் தம்பி சொன்னதில முதல் பாதி சரி. பொலிசி காருக்குத்தான். ஆனா பொலிசியோட வாற அட்டவணையை எடுத்து, "எக்ஸஸ்" எண்டு இருக்கிற இடத்தை வாசிங்க. கிளைம் வந்தா முதல் எவ்வளவு உங்கட கையால போகணும் எண்டு அதில இருக்கும். சில கம்பனிகள் 25 வயதுக்குக் குறைஞ்சவர் ஓடினா ஒரு தொகை, லைசன்ஸ் எடுத்துக் கொஞ்சக் காலந்தான் ஆகியிருந்தா இன்னொரு தொகை எண்டு தனியாப் போட்டிருக்கும். அது அடிபட்ட பிறகு வாசிக்கிற வரி இல்ல.

இன்னொண்டு, லேனர்ஸ் காலத்தைப் பற்றி, ரெண்டாவது பிள்ளைக்கு உதவும். எல் போர்ட் தொங்கவிட்டுப் பக்கத்தில லைசன்ஸ்காரர் இருந்தாலும், பயிலுனர் ஓடுறதுக்குப் பொலிசியில இடம் இருக்கா எண்டு பாருங்க. இல்லாட்டி காசு கட்டிச் சேர்க்கலாமா எண்டு கேளுங்க. கல்லடிக் கடற்கரை றோட்டில பின்னேரம் பழக்குற அப்பாமார்ல எத்தனை பேர் இதைப் பார்த்திருப்பாங்க எண்டு எனக்குப் பயம்.

களுவாஞ்சிகுடி, இப்ப லண்டன்
உங்கட தம்பி வெளிநாட்டுக் கதையைக் கேட்டுப் பயந்திருப்பார் எண்டு நினைக்கிறன். இங்க 17 வயதில கார் லைசன்ஸ் எடுக்கலாம், ஆனா இன்சூரன்ஸ் ஆளைப் பார்த்து விலை போடுற. வயது, வீடு இருக்கிற இடம், காரிட எஞ்சின் எல்லாம் பார்ப்பாங்க. என்ட மகள் லைசன்ஸ் எடுத்த வருடம் அவளட பிரீமியம் அவளட பழைய காரிட விலைக்குக் கிட்ட வந்தது. காருக்குள்ள ஒரு கறுப்புப் பெட்டி பூட்டினாங்க. எத்தனை மணிக்கு ஓடுறா, எப்பிடி பிரேக் பிடிக்கிறா எல்லாம் அது கம்பனிக்கு அனுப்பும். நல்லா ஓடினா அடுத்த வருடம் குறையும்.

பிரீமியத்தைக் குறைக்க, உண்மையில பிள்ளை ஓடுற காரை "நான்தான் பிரதானமா ஓடுற" எண்டு அப்பா பேரில எழுதுற ஆக்களும் இருக்கிறாங்க. இங்க அது மோசடி. பிடிபட்டா பொலிசி ரத்து, பிறகு வேற கம்பனியும் லேசில எடுக்காது. இலங்கையில சட்டம் வேற. ஆனாலும் கேட்டா உண்மையைச் சொல்லணும் எண்டது ரெண்டு இடத்திலயும் ஒண்டுதான்.

செங்கலடி அப்பா
இதை எழுதுறதா வேண்டாமா எண்டு ரெண்டு நாள் யோசிச்சன். எழுதுறன்.

போன வருடம் பெரும்போக வெட்டு நேரம். என்ட மகன், 19 வயது, லைசன்ஸ் எடுத்து ஆறு மாதம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய் வாறான். றோட்டில பாதிக்கு நெல் காயப் போட்டிருக்கு. எதிர்ல லொறி. இவன் நெல்லுக்கு மேல ஏறி பிரேக் அடிச்சிருக்கான். நெல் மேல ரயர் நிக்குமா? கார் வழுக்கி வாய்க்காலுக்குள்ள மூக்கைக் குத்திட்டுது. பிள்ளைக்கு ஒண்டுமில்ல, கடவுளே எண்டு. பம்பர் ஒரு பக்கம் கழண்டு தொங்குது, றேடியேட்டர் தகட்டுக்குள்ள எல்லாம் நெல்மணி.

மகன் போன் எடுத்த உடனே நான் ஓடிப்போனன். போய்ச் செஞ்ச பிழை இதுதான்: மதிப்பீட்டுக்காரர் வரக்குள்ள "நான்தான் ஓடினன்" எண்டு சொல்லி ஒப்பமும் வெச்சிட்டன். சின்னப் பொடியன் ஓடினதெண்டா காசு தரமாட்டாங்க எண்டு ஆரோ சொன்னதை நம்பினன். வந்தவர் கதவைத் திறந்து டிரைவர் சீற்றைப் பார்த்தார். மகன் கட்டை, நான் ஆறடி. சீற் ஸ்டியரிங்குக்குக் கிட்ட இழுத்தபடி நிக்குது. "ஐயா ஒருக்கா ஏறி இருங்க" எண்டார். என்ட முழங்கால் உள்ள போகல்ல.

கிளைம் முழுக்க மறுத்துட்டாங்க. பிறகு அட்டவணையை எடுத்துப் பார்த்தா, மகன் ஓடினான் எண்டு உண்மையைச் சொல்லியிருந்தா 20,000 எக்ஸஸ் கழிச்சு மிச்சம் கிடைச்சிருக்கும். காசு ஒரு பக்கம். பிள்ளைக்கு முன்னால பொய்க்கு ஒப்பம் வெச்சது இண்டைக்கும் குத்துது.

வந்தாறுமூலை
அண்ணன், வாசிக்கக் கஷ்டமா இருக்கு. பொய் சொல்லச் சொல்லி நான் சொல்லல்ல. கேட்டா உண்மையைச் சொல்லணும், அதில எனக்கும் வேற கருத்தில்ல. கேக்காததை வலியப் போய்ச் சொல்லணுமா எண்டதுதான் என்ட கேள்வி.

அடுத்தது, உங்கட விபத்தில பொடியனட வயதிலயா பிழை? றோட்டில நெல் காயப் போட்டது ஆரு? நாப்பது வயதுக்காரர் ஓடியிருந்தாலும் வழுக்கியிருக்கும். எக்ஸஸ் மட்டும் பொடியன்மாருக்கு. இது நியாயமில்ல, அதை எங்கயும் சொல்லுவன்.

அக்காட காருக்கு வாறன். பழைய ஆல்டோவுக்கு வருடா வருடம் ஃபுல் கட்டுற காசை ஒரு பொக்கற்றில போட்டு வெச்சா, சின்ன அடிக்கு அதுவே காணும். அவர் சொன்ன தேர்ட் பார்ட்டிதான் சரி.

சாய்ந்தமருது
இல்லத் தம்பி, இதில நான் உங்களோட ஒத்துவரமாட்டன். தேர்ட் பார்ட்டி சட்டத்துக்குக் காணும், அது இல்லாம கார் றோட்டில இறங்கவே ஏலாது. ஆனா அது தருவது எதிர்ல இருக்கிற ஆளுக்கு. உங்கட காருக்கு ஒரு சதமும் வராது.

எங்கட பக்கம் இரவில என்ன நடக்குது எண்டு பாருங்க. கிரானில இருந்து வாழைச்சேனை வரைக்கும் தார் றோட்டுச் சூட்டுக்கு மாடு படுத்துக் கிடக்கும். புதுசா ஓடுற பிள்ளை எதிர் லைற் வெளிச்சத்தில அதைக் காணாது. அடிச்சா மாட்டுக்காரன் முன்னுக்கு வரமாட்டான், ஆரிட்டப் போய்க் கேக்கிற? நான் பார்த்த மாட்டு விபத்துகள்ல பொனற், கண்ணாடி, றேடியேட்டர் மூண்டும் ஒண்டாப் போயிருக்கு. அதுக்கு ஃபுல் மட்டுந்தான் துணை.

"பழைய கார்" எண்ட சொல்லும் இப்ப பிழை. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து பழைய கார்களட விலை ஏறினது எல்லாருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில தனியார் வாகனத்துக்குத் திறந்தும் வரியோட புதுக் கார் எட்டாத விலை. அக்கா, பொலிசியில காருக்கு என்ன பெறுமதி எழுதியிருக்கு எண்டு இண்டைக்கே பாருங்க. ஒரு கணக்கு: கார் சந்தையில 40 லட்சம், பொலிசியில 20 லட்சம் எண்டு வைங்க. 2 லட்சத்துக்குச் சேதம் வந்தா, பெறுமதி குறைச்சுக் காட்டினதுக்காக 1 லட்சந்தான் தரலாம். விகிதத்தில வெட்டுற நிபந்தனை பொலிசிக்குள்ள இருக்கும்.

சின்னக் கீறலுக்குக் கிளைம் எடுக்காம கைக்காசில செய்யிற நல்லது, ஒன்பது வருடப் போனஸ் குறையாது. அந்த இடத்தில தம்பி சொன்ன பொக்கற் காசுக் கதை சரி.

வலியப் போய்ச் சொல்லணுமா எண்டா, ஓம். கேக்கிற நேரம் விபத்து நடந்த நேரமாத்தான் இருக்கும். எழுத்தில சொல்லிப் பதிலும் எழுத்தில எடுத்தா, பிறகு ஆரும் வாய்ப் பேச்சை மாத்த ஏலாது.

ஆரையம்பதி அம்மா
எல்லாருக்கும் நன்றி. செங்கலடி அண்ணன், நீங்க எழுதினதை மகனைப் பக்கத்தில இருத்தி வாசிச்சுக் காட்டினன். சீற் கதை வந்த இடத்தில அவன் ஒண்டும் பேசல்ல.

அலுமாரியில இருந்து பொலிசியை எடுத்தம். கம்பனிக்கு மகன்ட லைசன்ஸ் கொப்பியோட இமெயில் போட்டன். ரெண்டு நாளில பதில் வந்தது: பிரீமியம் கூடாது, ஆனா 25 வயது வரை மகன் ஓடக்குள்ள கிளைம் வந்தா கூடுதல் எக்ஸஸ் இருக்கு. அதை அச்சடிச்சு கார் டாஷ்போட்டுக்குள்ள வெச்சிருக்கு. கார்ப் பெறுமதி 2019 இல எழுதினபடியே கிடந்தது, அதையும் ஏத்தச் சொல்லியாச்சு. அதுக்குத்தான் காசு கூடுது, இவர் ஓம் எண்டுட்டார்.

இப்போதைக்கு மகன் பகல்ல மட்டும், ஆஸ்பத்திரிக்குப் போய் வாற றோட்டில மட்டும்.

வந்தாறுமூலை
எக்ஸஸ் விசயத்தில என்ட கருத்து மாறல்ல அக்கா, அது வயதைப் பார்க்காம ஓட்டத்தைப் பார்த்து வரணும். பெறுமதி வெட்டுறதை மட்டும் நான் யோசிக்கவே இல்ல. அப்பாட காருக்கும் பழைய பெறுமதிதான் கிடக்கும், இண்டைக்குப் போய்ப் பார்க்கிறன்.