மரம் நடுறதைத் தாண்டி மதக் குழுக்கள் என்ன செய்யலாம்?

துளிர்:
எங்க வழிபாட்டுக் குழுவுல சுற்றுச்சூழல் பொறுப்பை இந்தத் தடவை இளைஞர்கள்கிட்ட குடுத்துருக்காங்க. வழக்கமா ஒரு நாள் கூடி மரக்கன்னு நடுவோம், போட்டோ எடுப்போம், அதுக்கப்புறம் யாரு தண்ணி ஊத்துறாங்கன்னு கேட்டா பதில் வராது. காலநிலை நீதின்னு பேச்செடுத்தா பெரியவங்க "அது அரசியல், நமக்கு எதுக்கு"ன்னு முடிச்சுடுறாங்க. வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் முதல்ல அடிபடுறது ஏழைங்க, அவங்க விட்ட புகை ரொம்பக் கொஞ்சம், அவங்களுக்காகப் பேசுறது நம்ம வேலை இல்லைன்னா வேற யாரு வேலை? மத்த நாடுகள்ல உருப்படியா நடந்தது ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.

காட்டுவழி:
எத்தியோப்பியாவோட அம்ஹாரா பகுதியைப் பத்தித் தேடிப் பாருங்க. சுத்துவட்டாரத்துல காடெல்லாம் அழிச்சு விவசாய நிலமாக்கிட்டாங்க, ஆர்த்தடாக்ஸ் சர்ச்சுகளைச் சுத்தி இருக்குறது மட்டும் தப்பிச்சிருக்கு. மேலேர்ந்து எடுத்த படத்துல காஞ்ச வயலுக்கு நடுவுல பச்சைப் பச்சையா வட்டம் தெரியும், வட்டத்துக்குள்ள சர்ச் கூரை. ஆனா மாடு உள்ள புகுந்து இளங்கன்னை மேஞ்சுட்டே இருந்தா காடு ஓரத்துலேர்ந்து சுருங்கிட்டே வரும். அலெமாயெஹு வாசிங்கிற அந்த நாட்டு ஆய்வாளரும் அமெரிக்காவோட மெக் லோமனும் பாதிரியார்கள்கூட உக்காந்து பேசினதுல வழி கிடைச்சுது, வயல்ல கிடந்த கல்லையே பொறுக்கி ஊர் ஜனங்க சுத்துச்சுவர் கட்டினாங்க. வயல்ல கல்லும் குறைஞ்சுது, சுவருக்கு உள்ள விழுற விதை தானா முளைச்சும் வருது. அதனால புதுசா நடுறதுக்கு முன்னாடி உங்க இடத்துல ஏற்கனவே நிக்கிற மரம், குளம், புதர் எதுன்னு பாத்து அதுக்குக் காவல் போடுங்க.

நடுநிசி:
மரம் சரி, உண்டியல் பணம் எங்க போகுதுன்னு யாராச்சும் கேட்டீங்களா? என்னைக் கேட்டா அங்கதான் தொடங்கணும். உலகத் திருச்சபைகள் மன்றம் 2014லயே நிலக்கரி, எண்ணெய், எரிவாயு கம்பெனிகள்ல முதலீடு இல்லைன்னு முடிவெடுத்துச்சு. இங்கிலாந்துத் திருச்சபை பல வருஷம் பங்குதாரரா உள்ள இருந்து எண்ணெய் கம்பெனிகளை மாத்தப் பாத்துச்சு, அசையலைன்னு ஆனதும் 2023ல மிச்சம் இருந்ததையும் விட்டு வெளியேறப் போறதா அறிவிச்சுச்சு.
அரசியல்னு சொல்ற பெரியவங்களுக்கு 2015ஐக் காட்டுங்க. அந்த வருஷம் போப் பிரான்சிஸ் தன்னோட சுற்றுமடல்ல பூமியோட கதறலையும் ஏழைகளோட கதறலையும் சேர்த்தே கேக்கணும்னு எழுதினார். ஆகஸ்ட்ல இஸ்தான்புல்ல கூடின இஸ்லாமிய அறிஞர்கள், பணக்கார நாடுகளும் எண்ணெய் எடுக்குற நாடுகளும் முன்ன நின்னு இந்த நூற்றாண்டு பாதிக்குள்ள பூமியைச் சூடாக்குற வாயுக்களை விடுறதை நிறுத்தணும்னு அறிக்கை விட்டாங்க. மதத் தலைவர்களே பேசியாச்சு, இனி என்ன தயக்கம்.

அலைமேடு:
நடுநிசி சொல்றது பெரிய அமைப்புக்குப் பொருந்தும், சின்னக் குழுவுக்குப் பணத்தைவிட ஜனங்க வச்சிருக்குற நம்பிக்கைதான் பலம். தான்சானியாவுல பெம்பா பக்கத்துல மிசாலின்னு ஒரு தீவு, அங்க வெடி வச்சு மீன் பிடிச்சதுல பவளப்பாறையெல்லாம் நொறுங்கிட்டு இருந்துச்சு. சட்டம் போட்டும் கேக்கல. படைப்பைப் பாதுகாக்குறது மனுஷனோட பொறுப்புன்னு குர்ஆன் சொல்றதை வச்சு மதப் பெரியவங்க பேச ஆரம்பிச்சப்புறம்தான் மீனவங்க காது குடுத்தாங்க. தாய்லாந்துல புத்த பிக்குகள் மரத்துக்குக் காவித்துணி சுத்தி துறவறம் குடுத்ததும் இதே மாதிரிதான், துறவியா ஆன மரத்துல கோடாரி வைக்க யாருக்கு மனசு வரும்? ஆனா ஒண்ணு, காட்டையும் கடலையும் நம்பிப் பொழைக்கிறவங்களோட வயித்துப்பாட்டை யோசிக்காம வெறும் உபதேசம் பண்ணினா அது அவங்க மேலயே இன்னொரு சுமை, அதையும் நீதின்னு சொல்லிக்க முடியாது.

துளிர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பின்பக்கம் தூர்ந்து கிடக்குற குளத்தைப் பத்தி அடுத்த கூட்டத்துல பேசறேன், பொருளாளர்கிட்ட டெபாசிட் விவரமும் கேக்கறேன். அந்த வங்கி எதுக்கெல்லாம் கடன் குடுக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நடுநிசி:
ஆண்டறிக்கையில துறைவாரியா கடன் விவரம் பெரும்பாலும் இருக்கும், அதுல எரிசக்தி, சுரங்கம்னு வர்ற வரியைப் பாருங்க. புரியலைன்னா குழுவோட பேர்ல எழுத்துல கேளுங்க, தனி ஆளா கேக்குறதைவிட பதில் வர வாய்ப்பு அதிகம்.