‘இரங்குதெய்வம்’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர்,

மெசொப்பொத்தேமியத் தொன்மங்களில் அழியும் நகருக்காகவோ மக்களுக்காகவோ அழும் பெண்தெய்வத்தைக் குறிக்கும் தமிழ்க் கலைச்சொல்லாக ‘ஒப்பாரித் தெய்வம்’ என்பதை ஏற்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒப்பாரி, ஒருவர் இறந்த பின்னர் உறவினர் பாடுவது. ஏறத்தாழ கி.மு. 2004இல் கிழக்கு அண்டை நாட்டினரான ஏலாமியரிடம் வீழ்ந்த ‘ஊர்’ (Ur) என்னும் சுமேரிய நகரைப் பாடும் சுமேரியப் புலம்பலிலோ, நகரம் விழுமுன்னரே அந்நகரின் பெண்தெய்வமான நின்கல் அழுதுகொண்டு ஆன், என்லில் ஆகிய பெருந்தெய்வங்களின்முன் சென்று நகரை அழிக்க வேண்டாமென மன்றாடுகிறாள். அவர்கள் இசையாதபோது தெய்வங்களின் அவையிலும் மீண்டும் வேண்டுகிறாள். அழிவுக்குப் பிறகு அவள் அரற்றுவது இதன் தொடர்ச்சியே. (‘ஊர்ப் புலம்பல்’ என்று எழுதினால் எந்த ஊர் என்று கேட்பார்கள், ஆகவே அவ்வகைப் பாடலை ‘நகரழிவுப் புலம்பல்’ எனலாம்.)

கையறுநிலையும் பொருந்தாது, அது மாண்ட தலைவனை நினைந்து அவனைச் சார்ந்தோர் வருந்தும் துறை. எனவே ‘இரங்குதெய்வம்’ என்னும் வினைத்தொகையை முன்மொழிகிறேன். இரங்குதல் என்பதில் அழுகையும் அருளும் ஒருங்கே உள்ளன. பெருவெள்ளக் கதையைச் சொல்லும் அக்காடிய மொழியின் அத்ராஹாசிஸ் காப்பியத்தில், கொல்லப்பட்ட தெய்வமொன்றின் ஊனையும் குருதியையும் களிமண்ணோடு கலந்து மனிதரைப் படைத்த நின்டு என்னும் பெண்தெய்வம், வெள்ளத்தில் அவர்கள் மடிவதைக் கண்டு அழும்போது, அந்த அழிவுக்கு அவையில் தானும் இசைந்ததை எண்ணி நொந்துகொள்கிறாள். கில்கமேஷ் காப்பியத்தின் 11ஆம் களிமண் பலகையிலும் இதே அழுகை வருகிறது. இரக்கமும் குற்றவுணர்வும் பிரியாத இந்நிலையை ‘அழும் தெய்வம்’ என்ற தொடர் தாங்காது.

‘தாய்’ என்பதைச் சொல்லுக்குள் சேர்க்க வேண்டும் என்ற கருத்தில் நியாயம் உண்டு. நின்கலையே அப்பாடல் தாய் என்று அழைக்கிறது. ஆயினும் அது நகரத்துக்குரிய தாய்மை. மனிதரைப் படைத்த நின்டுவின் தாய்மை வேறு. ஒரே சொல்லுள் இரண்டையும் அடைத்தால் ஆய்வாளர் அவற்றைப் பிரித்துக் காட்ட வழியின்றிப் போகும். தேவையான இடத்தில் ‘தாய்த்தெய்வம்’ என்று தனியே எழுதினால் போதும்.

இப்புலம்பல் மரபில் வழிபாட்டுப் பாடல்களைப் பாடிய கலா என்னும் பூசகர்களுக்கும் ‘ஒப்பாரிக்காரர்’ என்ற பெயர் வேண்டாம். எமேசல் என்னும், சுமேரிய மொழியின் தனி வழக்கில் அமைந்த அவர்களின் பாடல்கள் சினந்த தெய்வத்தின் நெஞ்சைத் தணிப்பதற்கானவை. பழுதுற்ற கோயிலைப் புதுப்பிக்க இடிக்கும்போதும் பாடப்பட்டவை. ‘புலம்பற்பூசகர்’ என்பது போதும்.

மாண்டுபோன மேய்ப்பர் தெய்வமான துமுஸியின் தாய் துத்தூரை இக்கலைச்சொல்லின்கீழ்க் கொண்டுவர வேண்டியதில்லை. அவளுடைய துயரம் மாண்ட மகன் ஒருவனைப் பற்றியது. அங்கு ஒப்பாரி என்றே எழுதலாம்.