கைப்பட்டைத் தரவும் வருகைப் பதிவும்: விதிமுறை வகுக்க உதவி வேண்டும்

மனிதவளத் துறை நண்பர்களுக்கு வணக்கம். நான் கோவையில் ஒரு பவுண்டரியின் (உலோக வார்ப்பாலையின்) மனிதவளப் பிரிவில் பணியாற்றுகிறேன். உலைக்கூடத்தில் வெப்பத்தால் மயங்குவோரை உடனே கண்டறிய, இதயத் துடிப்பையும் இருப்பிடத்தையும் புளூடூத் வழியே அனுப்பும் கைப்பட்டைகளை வாங்க எங்கள் நிர்வாகம் எண்ணியுள்ளது. நோக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே தரவை வருகைப் பதிவோடு இணைத்து, கழிப்பறையிலும் கேன்டீனிலும் யார் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று ஷிப்டுவாரியாக அறிக்கை தரும் வசதியையும் விற்பனையாளர் காட்டிவிட்டார். உற்பத்திப் பிரிவின் கண் இப்போது அதன்மேல்தான்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்காக ஒப்புதல் இன்றியே தரவைக் கையாள இடமளிக்கிறது. உயிர்காக்கத் திரட்டிய தரவை இடைவேளைக் கணக்குக்குத் திருப்புவதும் அதில் அடங்கும் என்ற வாதம் எனக்குச் சரியாகப் படவில்லை.

இத்தகைய கருவிகளை நடைமுறைப்படுத்தியவர்கள், தொழிற்சங்கத்துடனான உடன்பாட்டில் தரவை யார் பார்க்கலாம், எப்போது அழிக்க வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளர் மறுத்தால் என்ன செய்வது என்பவற்றை எப்படி எழுதினீர்கள்? நிறுவனப் பெயரை நீக்கிய மாதிரி வாசகம் இருந்தால், கொள்முதல் ஆணை கையெழுத்தாகும் முன் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.