ஒரிகன் போன பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் கிடைக்கவில்லை – உதவி தேவை

வாசுகி_எம்:
ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். மருமகன் அமெரிக்கர், அவர் வீட்டு வம்சாவளியை எழுதுகிறேன். அந்தக் குடும்பத்து மூத்த பாட்டி 1852இல் மாட்டு வண்டியில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஒரிகன் போன முன்னோடிப் பெண். அரசு நிலப் பட்டா தளத்தில் கணவர் பெயரும் 1852ம் போட்டுத் தேடினால் ஒன்றுமே வரவில்லை. அவருடைய அப்பா அம்மா யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குமரன்77:
எந்த ஊரிலிருந்து புறப்பட்டார்? கல்யாணம் எங்கே, எப்போது? ஒரிகனில் எந்தக் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி)? எப்போது இறந்தார்? இது எதுவுமே சொல்லவில்லையே மேடம்.

நெல்லைச்சீமை:
ஹோம்ஸ்டெட் சட்டத்தில் தேடுங்க, குடியேறினவங்களுக்கு அரசு நிலம் குடுத்த சட்டம். 160 ஏக்கர், 5 வருஷம் குடியிருக்கணும். கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் தன் பேரிலேயே மனுப் போடலாம்.

ஆவணத்தாத்தா:
ஹோம்ஸ்டெட் சட்டம் 1862இல் வந்தது. அம்மையார் போனது 1852இல். கழித்தல் கணக்கு தெரிந்தவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

ஒரிகனுக்கு 1850 செப்டம்பர் 27இன் நன்கொடை நிலச் சட்டம்தான். அந்த ஆண்டு டிசம்பர் 1க்குள் குடியேறியிருந்தால் தனி ஆணுக்கு 320 ஏக்கர், தம்பதிக்கு 640. பின்னால் 1855 வரை வந்தவர்களுக்கு அதில் பாதி. தம்பதி நிலத்தில் சரிபாதி மனைவி பெயரில். ஆகவே பட்டாவில் அவள் பெயரும் இருக்கும்.

1852 என்று போட்டதுதான் தப்பு. நான்கு ஆண்டு குடியிருந்து பயிர் வைத்த பிறகே பட்டாவுக்குத் தகுதி. காகிதம் கைக்கு வந்தது பலருக்கு 1860களில், 70களில். தேதிக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

யாழினி:
முதலில் "முன்னோடி" என்பதை மாற்றுங்கள். ஒரிகனில் இவர்கள் குடியேறிய வில்லாமெட் பள்ளத்தாக்கு, காலப்பூயா என்ற பூர்வகுடி மக்களின் மண். 1851இல் அவர்களோடு செய்த ஒப்பந்தங்களை செனட் ஏற்கவே இல்லை, 1855இல்தான் ஒன்று நிலைத்தது. அதற்குள் நிலத்தைப் பங்கு போட்டாயிற்று. "குடியேறி" போதும்.

நெல்லைச்சீமை:
2,000 மைல் நடந்த பொம்பளைக்கு அந்தப் பட்டம் கூடாதா? வண்டியில சாமான்தான் ஏத்துவாங்க. ஆளுங்க பெரும்பாலும் நடைதான்.

யாழினி:
நடந்தால் நிலம் சொந்தமாகிவிடுமா அண்ணே?

குமரன்77:
இதற்குத் தனி இழை போடுங்கப்பா. வாசுகி மேடம், கேட்ட விவரம்?

வாசுகி_எம்:
மன்னிக்கவும். புறப்பட்டது மிசௌரி. முதல் கணவர் வழியிலேயே காலராவில் போய்விட்டார். மருமகன் அந்தக் கணவருடைய மகன் வழி. பாட்டி 1853இல் ஒரிகனில் மறுமணம், இறந்தது 1906.

குமரன்77:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! வழியில் இறந்தவருக்கு ஒரிகனில் ஏது நிலம்? இரண்டாம் கணவர் பெயரில் தேடுங்கள். எழுத்துப் பிழை நிறைய இருக்கும், அதனால் டவுன்ஷிப், ரேஞ்ச் எண் (நில அளவையில் மனை இருக்கும் இடத்தைக் காட்டுபவை) கிடைத்தால் அதை வைத்தும் தேடுங்கள். பிறகு தேசிய ஆவணக் காப்பகத்தின் எம்815 என்ற எண்ணுள்ள மைக்ரோஃபிலிமில் அந்த நன்கொடை நில மனுவின் கோப்பைப் பாருங்கள். கல்யாணம் நடந்த தேதியும் இடமும் அதில் இருக்கும்.

ஆனால் 1853 கல்யாணப் பதிவில் வருவது அநேகமாக முதல் கணவரின் குடும்பப் பெயர். அதைப் பிறந்த வீட்டுப் பெயர் என்று எழுதிவிட்டால் வம்சாவளி முழுக்க வேறு குடும்பத்துக்குப் போய்விடும். மிசௌரி கவுண்டி அலுவலகத்தின் முதல் கல்யாணப் பதிவுதான் தேவை. 1850 குடிக்கணக்கில் அந்த வீட்டுக்கு மேலும் கீழும் பத்துப் பதினைந்து வீடு பாருங்கள், அவள் அப்பா பக்கத்திலேயே இருக்கலாம். உறவு முறைக் கட்டம் 1880இல்தான் வந்தது, ஊகம் செய்ய வேண்டியிருக்கும்.

ஆவணத்தாத்தா:
ஒரிகன் மாநில இறப்புப் பதிவு 1903இல் தொடங்கியது. 1906 என்றால் சான்றிதழில் பெற்றோர் பெயருக்கே கட்டம் உண்டு. தகவல் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். மருமகன் என்றால் பாதிதான் நம்பலாம். தகப்பனில்லாப் பிள்ளைக்குக் கவுண்டி நீதிமன்றம் காப்பாளர் நியமித்த கோப்பும் தேடத் தக்கது.

நெல்லைச்சீமை:
மருமகன்னா பாதியா? வாசுகி அக்கா, உங்க மருமகன் கிட்ட காட்டிடாதீங்க.

வாசுகி_எம்:
இரண்டாம் கணவர் பெயரில் பட்டா வந்தது, 1866. அதில் பாட்டி பெயரும் இருக்கிறது. இறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் மட்டும், அம்மா கட்டத்தில் "தெரியாது". மிசௌரிக்கு எழுதியிருக்கிறேன். நன்றி.

யாழினி:
தலைப்பில் மாற்றினீர்கள் சரி, பதிவுக்குள் இன்னும் "முன்னோடி" இருக்கிறது.