கேபின் இரைச்சலுக்கு ஷீட் ஒட்டியவர்கள், உங்களுக்கு என்ன நடந்தது?

இரவுப்பயணி:

பிக்கப்பின் தரை, நாலு கதவு, பின்சுவர் எல்லாவற்றிலும் பியூட்டைல் ஷீட் (தகட்டின் அதிர்வை அடக்கும், அலுமினியத் தாள் மூடிய ரப்பர் ஷீட்) ஒட்டி மூன்று வாரம் ஆகிறது. சீட்டைக் கழற்றியது, கார்பெட்டைத் தூக்கியது, தகட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தது, ரோலர் ஓட்டி ஓட்டி மணிக்கட்டு வீங்கியது எல்லாம் உங்களுக்கும் தெரிந்த கதைதான். என் மனதை விட்டுப் போகாதது முதல் நாள் இரவு.

மகள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். 80 கிலோமீட்டர் வேகம். முன்பெல்லாம் அந்த வேகத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசினாலே கேட்காது. அன்று அவள் மூச்சு விடுவது கேட்டது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பின்பக்கம் இடது சக்கரத்திலிருந்து அடித்தொண்டையில் முனகுவது போல ஒரு சத்தம். வண்டி வலப்பக்கம் வளைந்தால் கூடுகிறது, இடப்பக்கம் வளைந்தால் அடங்குகிறது. சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் வீல் பேரிங் போய்விட்டது.

மறுநாள் ஜாக்கி போட்டு, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையை ஸ்பிரிங்கில் வைத்தேன். நறநறவென்று விரலில் ஏறியது. மெக்கானிக் கழற்றிக் காட்டினார், உருளை ஓடும் பாதை முழுக்கக் குழி. ஒரு வாரத்தில் வரும் தேய்மானமா அது? எத்தனை மாதம் அந்த இரைச்சலுக்கு அடியில் இது ஒளிந்திருந்ததோ, அதில் என் பிள்ளையை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன். வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

ஈரக்கதவு:

எனக்கும் ஒட்டிய பிறகுதான் புதுச் சத்தம் வந்தது. ஆனால் அது நானே வரவழைத்தது.

கதவின் வெளித்தகட்டுக்கு உட்புறம் கையை விட்டு, அடி விளிம்பு வரைக்கும் இடமே விடாமல் ஒட்டினேன். கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் மழைநீர் இறங்கும், அது வெளியேற அடியில் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றின் மேலேயே ஒட்டிவிட்டேன். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள், ஒரு திருப்பத்தில் வண்டியைத் திருப்புகிறேன், கதவுக்குள் 'சளக்' என்றது. முழங்காலுக்குப் பக்கத்தில் யாரோ குடத்தைக் குலுக்கியது போல. நிறுத்தி, ஸ்க்ரூ டிரைவரை அடியிலிருந்து விட்டுக் குத்தினேன். கால் மேல் கொட்டிய தண்ணீர் வெறும் தண்ணீராக இல்லை, செம்மண் நிறத்தில் இருந்தது. அந்த நிறம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளே துரு பிடிக்க ஆரம்பித்திருந்தது.

இரவுப்பயணி, நீங்கள் தரை முழுக்க ஒட்டியது தேவையே இல்லாத வேலை. தகடு மத்தளத் தோல் மாதிரி அதிர்கிறது. ஒவ்வொரு தட்டையான பரப்பிலும் நடுவில் கால்வாசி, மிஞ்சினால் பாதி ஒட்டினாலே அந்த அதிர்வு செத்துவிடும். விரலால் தட்டிப் பாருங்கள், 'டங்' என்பது 'டொப்' என்று ஆனதும் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் ஒட்டுவதெல்லாம் வண்டிக்கு எடைதான்.

மண்டயர்:

நான் இரண்டு நாள் ஒட்டினேன். விரல் நுனியெல்லாம் அலுமினியத் தாள் கிழித்த கோடுகள். நெடுஞ்சாலையில் ஏறினால் அதே இரைச்சல், ஒரு மாற்றமும் தெரியவில்லை. அப்போது பழைய சாலை முடிந்து புதுத் தார் போட்ட இடம் வந்தது. அந்தக் கோட்டை முன்சக்கரம் தாண்டியது, பின்சக்கரம் தாண்டியது, கேபின் சட்டென்று அமைதியானது. வண்டியில் எதுவும் மாறவில்லை, மாறியது சாலை மட்டும்தான். என் டயர்கள் சேற்றுக்கான பெரிய கட்டை வைத்தவை. நெடுஞ்சாலை டயர் மாற்றிய பிறகுதான் ஷீட் ஒட்டிய பலனே தெரிந்தது. முதலில் டயரைப் பாருங்கள்.

டார்ச்லைட்:

ஈரக்கதவு சொன்ன கால்வாசிக் கணக்கு தகட்டின் அதிர்வுக்குச் சரி. ஆனால் அதோடு வேலை முடிந்தது என்பது போல எழுதியிருக்கிறார், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் கதை சின்னது. எல்லாம் ஒட்டியும் பெடல் பக்கத்திலிருந்து ஒரு சீறல் வந்துகொண்டே இருந்தது. ஒரு ராத்திரி தம்பியை பானட்டுக்குள் டார்ச் அடிக்கச் சொல்லிவிட்டு, நான் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். இருட்டில் நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி வெளிச்சம். ஒயர் போகும் துளையில் ரப்பர் மூடியே இல்லை. சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. அத்தனை கிலோ ஷீட் ஒட்டியும் சத்தம் அதன் வழியாக வந்துகொண்டிருந்தது.

இனி ஒட்டப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இதில் மூன்று வேலை இருக்கிறது, மூன்றும் வேறு வேறு. பியூட்டைல் ஷீட் தகட்டின் அதிர்வை அடக்கும், காற்றில் வரும் சத்தத்தைத் தடுக்காது. தடுக்க கனமான வினைல் விரிப்பு வேண்டும், ஒரு சதுர மீட்டர் சுமார் 5 கிலோ இருக்கும். அதை நேராகத் தகட்டின் மேல் போடக்கூடாது. நடுவில் தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் (உள்ளே இருக்கும் குமிழிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியிருக்கும் வகை) வைத்தால்தான் தகட்டின் நடுக்கம் வினைலுக்கு ஏறாது. அப்புறம், அது இடைவெளி விடாமல் இருக்க வேண்டும். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்க முடியாது. மூன்றாவது, மிஞ்சிய கூர்மையான சத்தத்தைக் குடிக்க கூரைக்கும் தூண்களுக்கும் பஞ்சு போன்ற பொருள்.

சீட்டைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குக்கானது, விளையாட வேண்டாம். திரும்ப மாட்டும்போது சீட் போல்ட், பெல்ட் போல்ட் இரண்டையும் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். பின்சுவரில் காற்று வெளியேறும் ரப்பர் மடல் இருந்தால் மூடிவிடாதீர்கள். மூடினால் கதவை ஓங்கி அடிக்க வேண்டியிருக்கும், கண்ணாடியிலும் பனி படியும்.

ஈரக்கதவு:

பஞ்சு என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், டார்ச்லைட். கூரைக்குச் சரி. அதைப் படித்துவிட்டு யாராவது தரையில் பருத்தி ஃபெல்ட் போட்டால் ஒரு மழைக்கு நனைந்து மாதக்கணக்கில் காயாது. அடியில் தகடு அரிக்கும். அந்தச் செம்மண் தண்ணீரை இன்னொருவர் பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

லாரிக்காரர் மகள்:

எங்களுடையது பிக்கப் இல்லை. அப்பாவின் லாரியில் எஞ்சின் கேபினுக்கு அடியிலேயே இருக்கிறது. முப்பது வருடமாக அந்த எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டி, இப்போது அவருக்கு வலது காதில் மெல்லிய குரல் எதுவும் விழுவதில்லை. 85 டெசிபெலில் 8 மணி நேரம்தான் காது தாங்கும் என்கிறார்கள், 88 ஆனால் அது பாதியாகிவிடும். அவர் ஓட்டியதோ பன்னிரண்டு மணி நேரம்.

அவர் ஊரில் இல்லாத இரண்டு நாளில் தம்பியும் நானும் எஞ்சின் மூடிக்கு வெப்பம் தாங்கும் ஃபோமும் வினைலும் போட்டோம். பியூட்டைலுக்குப் பதில் தாரில் செய்த ஷீட் மலிவு, ஆனால் அந்தச் சூட்டில் உருகி நாறும் என்று தெரியும், அதனால் தொடவில்லை. அப்பா வந்து ஸ்டார்ட் செய்தார். கொஞ்ச தூரம் போனதும் கியர் மாற்றக் கை போய், பாதியில் நின்றது. மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு சொன்னார்: "வண்டி பேசவே மாட்டேங்குதும்மா." நோயாளியின் நெற்றியில் வைப்பது போல வைத்த அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை. அன்று மாலையே எல்லாவற்றையும் பிரித்துவிட்டோம்.

செய்தது தப்பா, பிரித்தது தப்பா என்று எனக்கு இன்னும் தெளியவில்லை.

இரவுப்பயணி:

பிரித்ததைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் எஞ்சின் மூடியை விட்டுவிட்டு, அவர் படுக்கும் இடத்துக்குப் பின்னால் உள்ள தகட்டில் மட்டும் ஒட்டிப் பாருங்களேன். ஓட்டும்போது வண்டி பேசட்டும், நிறுத்தித் தூங்கும் நேரத்திலாவது காதுக்கு ஓய்வு கிடைக்கும். எனக்கு வலது பேரிங்கையும் நாளைக்குக் கழற்றுகிறார்கள்.

லாரிக்காரர் மகள்:

இதை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். யோசித்துவிட்டு, "அந்தச் சுவர்ல ஒட்டிக்கோ, கூரை வேண்டாம், மழை பெய்யுறது கேட்கணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒட்டுகிறோம். இந்த முறை ரோலர் அவர் கையில்.