பாட்டி பெயரில் பாப்பாவுக்கு ஒரு பூப்பெயர் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து பத்து நாளாகிறது. எங்கள் பாட்டி பெயர் பங்கஜம். பங்கம் என்றால் சேறு, சேற்றில் பிறந்தது பங்கஜம், அதாவது தாமரை. அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு தாமரை இருந்திருக்கும் போல: சரோஜா, அம்புஜம், ஜலஜா, கமலா எல்லாமே அதே பூதான்!

பாட்டியின் பெயரைத் தமிழில் வைக்க ஆசை. ஆனால் தாமரை என்றே வைத்தால் கட்சிச் சின்னம் என்று கிண்டல் செய்வார்கள் என்கிறார் அத்தான். சரி, வேறு பூ பார்க்கலாம் என்று கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களையும் புரட்டினேன். குவளை அழகுதான், பள்ளியில் டம்ளர் என்று கூப்பிடுவார்களே! அனிச்சம் முகர்ந்தாலே வாடும் என்கிறது குறள். தொட்டதற்கெல்லாம் அழும் பிள்ளையாகிவிடும் என்று அம்மா மறுத்துவிட்டார். பிச்சியைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

இப்போது ஆம்பல், காந்தள் இரண்டும் மிச்சம். ஆம்பல் என்றால் அல்லி, அதுவும் தாமரை மாதிரி குளத்துப் பூ என்பதால் என் ஓட்டு அதற்குத்தான். இந்தப் பெயர்களை உண்மையிலேயே வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கூப்பிட எப்படி இருக்கிறது, செல்லமாக எப்படிச் சுருக்குகிறீர்கள்? வெள்ளிக்கிழமை பெயர் சூட்டு விழா, அதற்குள் சொல்லுங்கள்.