மறு: கன்ட்ரோல்டு அட்மாஸ்பியர் ஸ்டோரேஜுக்குத் தமிழ்

குழுவினருக்கு வணக்கம். காய்கனி கெடாமல் இருக்க, பூட்டிய அறையின் காற்றில் எந்த வாயு எவ்வளவு என்று அளந்து வைக்கும் கிடங்குதான் கன்ட்ரோல்டு அட்மாஸ்பியர் ஸ்டோரேஜ். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> 'கட்டுப்படுத்தப்பட்ட வளிமண்டலச் சேமிப்பகம்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

பெயர்ப்பலகையில் எழுதிப் பாருங்கள் ஐயா, பலகை போதாது. அதோடு, பூமியைச் சூழ்ந்ததுதான் வளிமண்டலம். பூட்டிய அறைக்குள் இருப்பதற்கு 'வளி' போதும்.

> 'குளிர்வளிக் கிடங்கு'?

இதைக் குழுவில் ஓர் அம்மா சொன்னார்கள். ஆப்பிளுக்குப் பொருந்தும், எங்கள் சேலத்து மல்கோவாவுக்குப் பொருந்தாது. மாங்காயை 12, 13 டிகிரிக்குக் கீழே இறக்கினால் தோல் கறுத்துப்போகும், பிறகு ஒழுங்காகப் பழுக்காது. இங்கே வேலை செய்வது குளிர் மட்டுமல்ல. பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது. வெளிக்காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம் ஆக்சிஜன். ஆப்பிள் கிடங்கில் அதை 1 முதல் 3 சதவீதம் வரை குறைத்து, கரியமில வாயுவைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். மூச்சு மட்டுப்படும், காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயு குறையும், பழுப்பது தள்ளிப்போகும். ஆக்சிஜன் அடியோடு போனாலோ உள்ளே சாராயம் ஊறி வாடை அடிக்கும். ஆகவே 'வளிநீக்கம்' என்பதும் ஆகாது.

'வாயுக் கிடங்கு' என்றால் கேஸ் சிலிண்டர் குடோன் என்று நினைப்பார்கள். (1920களில் கேம்பிரிட்ஜில் இதை ஆராய்ந்த கிட், வெஸ்ட் என்ற இருவரும் 'கேஸ் ஸ்டோரேஜ்' என்றுதான் எழுதினார்கள்.) வரையறுத்த வளி என்ற பொருளில் 'வரைவளி' அழகான சொல். ஆனால் வரை என்றால் மலையும்தானே? எனக்கென்னவோ சேர்வராயன் மலைக்காற்றுதான் நினைவுக்கு வருகிறது.

என் பரிந்துரை 'நிலைவளிக் கிடங்கு'. கருவி வைத்து அளந்து, சொன்ன அளவிலேயே காற்றை நிறுத்துவதால்.

மாடிஃபைடு அட்மாஸ்பியருக்கு 'மாறுவளி'. ஏற்காட்டுப் பேரிக்காயைத் தகுந்த பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டினால், காயே மூச்சுவிட்டு உள்காற்றை மாற்றிக்கொள்ளும். கிடங்கு பிறவினை, பை தன்வினை. பைக்குள்ளும் ஒரு சமநிலை வருமே என்று கேட்பீர்கள். வரும், ஆனால் பையை வெயிலில் போட்டால் காயின் மூச்சு ஏறும், பிளாஸ்டிக் அதற்கு ஈடாக ஆக்சிஜனை உள்ளே விடாது, சமநிலை குலையும். அதனால்தான் அதற்கு 'நிலை' கொடுக்க மனம் வரவில்லை.

அடுத்தது, கிடங்குக் காற்றைச் சுத்தப்படுத்தும் ஸ்கிரப்பர். மிகுந்த கரியமில வாயுவை எடுக்க நீற்றிய சுண்ணாம்பு மூட்டைகளை அடுக்குவதும் உண்டு. 'கரிவளி உறிஞ்சி' சரிவருமா?